நடுவில் நிற்கும் பெயர்

அந்தப் பார்சலின் மேல் என் மாமனாரின் பெயர் இருந்தது. ஆனால் அது அவருக்கு வந்த பார்சல் இல்லை. பெயருக்கு முன்னால் ‘மிஸஸ்’ என்று போட்டிருந்தது. தபால்காரர் வாசலில் நின்று அதை அப்படியே சத்தமாக வாசித்தார். எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு உரிய மிஸஸ் ஒருத்தர்தான், என் மாமியார்.

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். அவர் பெயருக்கு அதுவரை ஒரு கடுதாசிகூட வந்ததில்லை. பிரித்தால் உள்ளே பெரிய பெரிய பூப்போட்ட சின்னக் கவுன் ஒன்று, சோழி கோத்த மாலை ஒன்று, உப்புப் போட்டு வறுத்த ஏதோ பருப்பு அடைத்த டப்பா ஒன்று. கவுனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இது எனக்கா வந்திருக்கு?”

“எனக்கு, அத்தை” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அது என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். என் கணவருடைய அண்ணனின் மனைவி. பிலிப்பைன்ஸ்காரி. அத்தான் சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலை பார்த்தார். மணிலாவில் அவளைப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் வீட்டுக்குச் சொன்னார். கொஞ்ச காலம் பேச்சு வார்த்தை இல்லை. பேத்தி பிறந்த போட்டோ வந்ததும் மாமனார் இறங்கி வந்தார். மாமியார் இறங்கி வந்ததுபோல் இருந்தார். பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கும்போது, அடுத்த கப்பல் ஏறுவதற்கு முன்னால், அத்தான் மனைவியையும் பிள்ளையையும் விருதுநகர் பக்கம் சூலக்கரையில் இருந்த எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் ஓரிருவர் கையில்தான் செல்போன் இருந்தது. கப்பலிலிருந்து அத்தான் எப்போதாவது ஒரு துறைமுகத்தில் இறங்கினால்தான் வீட்டுப் போன் அடிக்கும்.

அன்று மாமியார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“எம் புருசன் பேரு இவளுக்கு எதுக்கு?”

நான் எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். நமக்கு அப்பா பெயர் இனிசியல். பாஸ்போர்ட்டில் இனிசியல் செல்லாது, குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். அதனால் அத்தானுடைய பாஸ்போர்ட்டில் மாமா பெயர் அந்த இடத்தில் ஏறிவிட்டது. அக்கா ஊரில் கல்யாணமானால் புருசனின் குடும்பப் பெயரைப் பொண்டாட்டி எடுத்துக்கொள்வாள். ஆக அந்த ஊரில் அக்காவை மாமா பெயர் சொல்லித்தான் மிஸஸ் என்பார்கள்.

மாமியார் பொறுமையாகக் கேட்டார். “பொண்டாட்டிக்குப் புருசன் பேரு இனிசியல். சரி. மாமன் பேர எவளாவது போட்டுக்கிடுவாளா? என்னமோ இருக்கு” என்றார்.

அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மாமனார் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன். அந்தப் பெயரை எங்கிருந்தோ வந்தவள் சட்டையைப் போல மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

அதிலிருந்து மாமியாரின் காது கூர்மையாகிவிட்டது.

ஓரகத்தியின் பெயர் லிகாயா. மாமியார் அதைச் சுருக்கிக் ‘காயா’ என்பார். “காயா பழமான்னு போகப் போகத்தான் தெரியும்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்ததும் உண்டு. பிள்ளையின் பெயர் கலானி. எங்கள் பக்கத்து நாக்கில் அது ‘களனி’ ஆகிவிட்டது. வயக்காட்டின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்களா என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மாமனாருக்கு மட்டும் அது பிடித்திருந்தது. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு.

போன் நடுக்கூடத்தில் இருந்தது. மாசத்துக்கு ஒன்றிரண்டு தடவை அக்காவுக்கு வெளிநாட்டிலிருந்து போன் வரும். அவள் மூச்சுவிடாமல் தன் பாஷையில் பேசுவாள். மாமியார் அப்போதெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து பயறு பொறுக்குவார். ஒருநாள் நான் சிவகாசியில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் வாசலிலேயே மறித்தார்.

“அவ ஆத்தா செத்துப்போச்சுன்னு தான நம்மகிட்டச் சொன்னா?”

“ஆமா அத்தை. கல்யாணத்துக்கு முந்தியே இறந்துட்டாகன்னு அத்தான் சொன்னாக.”

“இன்னைக்குப் போனுல ஆத்தே, ஆத்தேன்னு கொஞ்சுதா. வாய்க்கு வாய் ஆத்தே. செத்த ஆத்தாகிட்ட யாரு போன்ல பேசுவா?”

அடுத்த போனுக்கு நானும் கவனித்தேன். அவர் சொன்னது உண்மை. அக்கா தெளிவாக ‘ஆத்தே’ என்றுதான் சொன்னாள். எனக்கும் உள்ளே ஏதோ உறுத்தியது. உயிரோடு இருக்கிற அம்மாவை ஏன் செத்துப்போனதாகச் சொல்ல வேண்டும்?

இன்னொரு போனும் வரும். அதில் ஆம்பளைக் குரல். நானே ஒருதடவை எடுத்திருக்கிறேன். அக்கா வாங்கியதும் ‘கூயா’ என்று ஆரம்பிப்பாள். முகம் அப்படி மலரும். அத்தான் பேசும்போதுகூட அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

“கூயாங்கிறவன் யாருன்னு கேளு” என்றார் மாமியார்.

“நீங்களே கேளுங்களேன் அத்தை.”

“நான் கேட்டா சண்டைம்பாக. நீ வேலைக்குப் போறவ. நாசூக்காக் கேளு.”

நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அக்காவோடு நான் பேசுவது குழம்பு, துணி, பிள்ளை என்கிற அளவில்தான் இருந்தது. அவள் தமிழ் பாதி, என் இங்கிலீஷ் பாதி. அவளும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சில சமயம் நான் போனில் கம்பெனிக்குப் பேசும்போது அவள் ஓரமாக நின்று பார்ப்பாள். அந்தப் பார்வையிலும் ஒரு கேள்வி இருந்தது. அது என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிள்ளைக்குக் காதுகுத்த வேண்டும் என்று மாமனார் சொன்னார். குலதெய்வம் கோயில் தாயில்பட்டி போகிற வழியில் காட்டுக்குள் இருக்கிறது. அத்தான் ஒரு துறைமுகத்திலிருந்து பேசும்போது சரி என்றுவிட்டார். மாமியார் ஒரு தேதி சொன்னார். அக்கா மெதுவாக, “அது வேண்டாம். அடுத்த மாசம் கடைசி வாரம் வைங்க” என்றாள்.

“ஏன்?”

“அப்ப நல்லது” என்றாள்.

நாள் நட்சத்திரம் தெரியாத ஒருத்தி தேதி குறிக்கிறாள் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மாமியார் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அந்த வாரத்தில் ஒரு முகூர்த்தம் இருந்ததால் மறுக்கவும் முடியவில்லை.

பத்திரிகை அடிக்கிற பொறுப்பு என்னுடையது. நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்துகொண்டிருந்தேன். பட்டாசு லேபிள், காலண்டர், தீப்பெட்டி மேல் ஒட்டுகிற படம் எல்லாம் எங்கள் வேலை. சீசன் வேலை குவிந்துகிடந்த நேரம். இடையில் பத்திரிகையையும் அடித்துவிடலாம் என்று, பிள்ளையின் முழுப்பெயரை அக்காவிடம் கேட்டேன். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கலானி. அடுத்து லிம்சியோங்கோ. அடுத்து மாமனார் பெயர். நான் அப்படியே தமிழில் அடித்து, ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாமியார் எழுத்துக்கூட்டி வாசிப்பார். விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். கடைசிப் பெயர் அவர் சொல்ல முடியாத பெயர், அதனால் அங்கே நிற்கிறார் என்று நினைத்தேன். ஆனால் விரல் அதற்கு முந்தைய பெயரில் இருந்தது.

“முன்னால பிள்ள பேரு. பின்னால பாட்டன் பேரு. நடுவுல நிக்கவன் யாரு?”

கூடத்தில் என் கணவரும் இருந்தார். அவர் ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் வேனில் போனால் இருட்டும் நேரம்தான் வருவார். வீட்டு விஷயங்களில் வாயைத் திறக்க மாட்டார். அவரே தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது ஆம்பளப் பேரு மாதிரில்ல இருக்கு” என்றார்.

மறுநாள் நான் அச்சகத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நடுப்பெயரைப் போட்டுத் தேடினேன். சீன முகச்சாயலில் கோட்டுப் போட்ட சில ஆண்கள் வந்தார்கள். சரி, பிள்ளையின் பெயரையாவது பார்ப்போம் என்று கலானி என்று தேடினேன். தோளெல்லாம் பச்சை குத்திய ஒரு வாலிபன் கிதாரோடு சிரித்துக்கொண்டு நின்றான். அவன் பெயரும் கலானிதான். ஒரு பெண்பிள்ளைக்கு இரண்டு ஆண்களின் பெயர்களா? நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து பிள்ளையின் முகத்தில் அத்தானின் மூக்கைத் தேட ஆரம்பித்தேன். சில நேரம் இருந்தது, சில நேரம் இல்லை.

காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா, “நாளைக்கு நான் தூத்துக்குடி போகணும். பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

“அங்கன யாரு இருக்கா?” என்றார் மாமியார்.

“கூயா வர்றார்.”

மாமியார் என்னைப் பார்த்தார். மறுநாளைக்கு நான் கம்பெனிக்கு லீவு சொன்னேன்.

பஸ்ஸில் போகும்போது நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. பிள்ளை என் மடியில் தூங்கியது. தூத்துக்குடி துறைமுகத்தின் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் நின்றோம். லாரிகள் உப்பு மூட்டையோடு போய்க்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்துக் கட்டையான ஒரு ஆள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். தலையில் முன்பக்கம் நரை. அக்கா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். நடு ரோட்டில், லாரி டிரைவர்கள் பார்க்கிறார்கள், அவள் அழுகிறாள். மாமியாரிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆள் என்னிடம் வந்து தலை குனிந்தார். பிள்ளையை வாங்கினார். அக்கா பிள்ளையிடம் ஏதோ சொன்னாள். பிள்ளை அவருடைய கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டது.

“எங்க அண்ணன்” என்றாள் அக்கா.

“கூயான்னு சொன்னீகளே.”

“கூயான்னா அண்ணன். பேரு இல்ல.”

நான் அவளையே பார்த்தேன். “அப்ப ஆத்தேன்னா?”

“ஆத்தேன்னா அக்கா. என் அக்கா ஹவாய்ல இருக்கா, ஓட்டல்ல வேலை. அவதான் போன் பண்ணுவா. பார்சலும் அவதான் அனுப்பினா.”

டீக்கடையில் உட்கார்ந்தோம். எனக்கு இனி நாசூக்கு வேண்டியதில்லை என்று பட்டது. “வீட்ல எல்லாரும் ஆத்தேன்னா அம்மான்னு நெனச்சிட்டோம். எங்க பக்கம் ஆத்தான்னா அம்மா. செத்துப்போனவுகளோட பேசுறீகன்னு அத்தை சொன்னாக.” அவள் அதை அண்ணனுக்கு மொழிபெயர்த்தாள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“பிள்ளை பேர்ல நடுவுல இருக்கே, அது யாரு?” என்று கேட்டேன்.

“நான்” என்றாள்.

அவள் ஊரில் பிள்ளையின் பெயருக்கும் அப்பா குடும்பப் பெயருக்கும் நடுவில் அம்மா பிறந்த வீட்டுப் பெயர் நிற்குமாம். அம்மாவுக்கு அங்கே ஒரு இடம். லிம்சியோங்கோ அவளுடைய அப்பா வீட்டுப் பெயர். அப்பாவின் பாட்டனுக்கும் முந்திய ஒருவர் சீனாவிலிருந்து படகில் வந்து மணிலாவில் அரிசிக்கடை வைத்தார். லிம் என்பது அவருடைய வம்சப் பெயர், அவர்கள் பாஷையில் காடு என்று அர்த்தம். சியோங் அவர் பெயர், நல்ல சகுனம் என்று அர்த்தம். கோ என்றால் அண்ணன். கடைக்கு வருகிறவர்கள் மரியாதையாக லிம் சியோங் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் ஆபீசில் எழுதினவர்கள் மூன்றையும் சேர்த்து ஒரே பெயராக எழுதிவிட்டார்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. கூயா என்ற சொல்லே அந்தச் சீனர்களோடு வந்ததுதான் என்று அவள் அண்ணன் சொன்னார்.

“அண்ணாச்சி” என்றேன் நான்.

அவள் நிமிர்ந்தாள். “கடைக்கார அண்ணாச்சியா?”

“எங்க ஊர்ல கடை வச்சிருக்கவுக எல்லாரும் அண்ணாச்சிதான். அண்ணன்கிற மரியாதை.”

“நான் அது அவர் பேருன்னு நினைச்சேன். பஜார்ல நாலு கடையில அண்ணாச்சின்னு கூப்பிடுறாங்க. இத்தனை பேருக்கு ஒரே பேரா, இவங்க எல்லாம் ஒரே குடும்பமான்னு யோசிச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூலக்கரை வீட்டில் எல்லாரும் யார் யார் என்று தவித்த அந்த நடுப்பெயர்க்காரர் ஒரு அரிசிக்கடை அண்ணாச்சி.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அண்ணன் முன் சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். ஜன்னல் பக்கம் அக்கா. வெளியே கரிசல் காடு ஓடிக்கொண்டிருந்தது. “நானும் உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள். “வீட்ல உன்னை ஒரு பேர் சொல்றாங்க. கம்பெனில இருந்து போன் வந்தா வேற பேர் கேக்கறாங்க. நீயும் சரின்னு பேசுற. அத்தை மாமாவோட பேரைச் சொல்லவே மாட்டாங்க. ரேஷன் கடையில கேட்டா உன்னைப் பாக்கறாங்க. இந்த வீட்ல ஏதோ தப்பு நடந்திருக்கு, போலீஸ்னு ஏதாவது இருக்கு, அதான் பேரை மறைக்கறாங்கன்னு நான் பயந்தேன்.”

அந்தப் பார்வைக்கு இப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. என் சொந்தப் பெயரும் மாமியாரின் பெயரும் ஒன்று. மருமகளை அதட்டும்போது மாமியார் தன் பெயரையே சொல்லி அதட்ட முடியுமா, மாமனார்தான் மனைவி பெயரைச் சொல்லி மருமகளைக் கூப்பிட முடியுமா? அதனால் கல்யாணத்தன்றே வீட்டுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். சம்பளம் மட்டும் பழைய பெயருக்கு வருகிறது. புருசன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று மாமியார் நம்புகிறார். இதையெல்லாம் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். முழுக்க நம்பினாளா என்று சொல்ல முடியாது.

கலானி பற்றியும் கேட்டேன். ஹவாய் அக்காவின் புருசன் அந்தத் தீவின் பூர்வகுடியாம். அவருடைய அம்மா, இவள் கர்ப்பமாக இருந்தபோது கனவில் அந்தப் பெயரைக் கேட்டாராம். கனவில் வந்த பெயரை வைக்காமல் விட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. ‘லானி’ என்றால் வானம். ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். எங்கள் நாக்கில் வானம் வயக்காடாகியிருக்கிறது.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று சாய்ந்து உட்கார்ந்தபோதுதான், முன் சீட்டில் தூங்குகிறவரின் கழுத்தில் கிடந்த அட்டை தோளுக்குப் பின்னால் சரிந்து என் கண்ணில் பட்டது. கப்பல் கம்பெனி அட்டை. அதில் குடும்பப் பெயர் லிம்சியோங்கோ இல்லை. திமாகிபா என்று இருந்தது.

பெயர் படிப்பது என் தொழில். லேபிளில் ஒரு எழுத்து மாறினாலும் என் கண் நிற்கும். அண்ணன் என்றால் வீட்டுப் பெயர் ஏன் வேறு? நம் ஊரிலும்தான் கண்டவரை எல்லாம் அண்ணன் என்கிறோம். அப்படி என்றால் இவர் யார்?

சாத்தூர் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு அட்டையைக் காட்டினேன். அக்கா அண்ணன் தூங்குகிறாரா என்று ஒருதடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“அம்மாவுக்கு முதல்ல ஒரு கல்யாணம். அவர் மீன்பிடிக் கப்பல்ல போனார். புயல்ல கப்பல் போயிருச்சு. அப்ப கூயா அம்மா வயித்துல. அப்புறம்தான் அம்மா எங்க அப்பாவைக் கட்டினாங்க. திமாகிபான்னா உடைக்க முடியாதவன்னு அர்த்தம். எங்க ஊர்ப் பேர், தகாலோக் பாஷைப் பேர். கூயா சொல்வார், பேரு உடையல, கப்பல்தான் உடைஞ்சதுன்னு.” குரலைத் தாழ்த்தினாள். “இத உங்க வீட்ல சொல்ல வேண்டாம்னு உங்க அத்தான்தான் சொன்னார். அம்மா ரெண்டு கல்யாணம் பண்ணவங்கன்னா அத்தை ஏத்துக்க மாட்டாங்கன்னார்.”

“தேதிய மாத்தினது?”

“கூயாவோட காண்டிராக்ட் தூத்துக்குடியில முடியுது. ரெண்டு நாள் கழிச்சு மதுரைல இருந்து ஃபிளைட். தாய்மாமன் மடியில உக்காந்துதான் காது குத்தணும்னு உங்க அத்தான் சொல்லியிருந்தார். கப்பல் லேட்டாச்சுன்னா ஏமாற்றமாயிரும்னு முன்னாடியே சொல்லல.”

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். அந்த ஆள் பெட்டியைப் போட்டுவிட்டு நேரே அவரிடம் போய்க் கையைப் பிடித்தார். மாமியார் வெடுக்கென்று இழுத்தார். அவர் விடவில்லை. குனிந்து, அந்தக் கையின் பின்பக்கத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கும்பிடுவது போலத்தான் இருந்தது. மாமியார் கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, “வாங்க. சாப்பிட்டீகளா?” என்றார். அது மரியாதை மட்டும்தான். சாப்பாட்டின்போது என் கணவர் அவர் பெயரைக் கேட்டார். அவர் முழுப்பெயரையும் கணீரென்று சொன்னார். மாமியார் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன்.

மறுநாள் கோயிலில் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். சுற்றிலும் காய்ந்த காடு, தள்ளித் தள்ளிப் பட்டாசுக் கம்பெனி ஷெட்டுகள். எங்கோ வெடி டெஸ்ட் பண்ணுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கப்பல்காரர் மட்டும் திடுக்கிட்டுத் திரும்பினார். பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாயிற்று. ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, “தாய்மாமன் யாரு? வந்து உக்காருங்க” என்றார்.

அவர் எழுந்தார். மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒரு நிமிசம் இருங்க.” அக்காவின் பக்கம் திரும்பினார். “பிள்ள பேருல நடுவுல இருக்கது ஒன் வீட்டுப் பேருன்னு நேத்து சின்னவ சொன்னா. சரி. ஒன் கூடப் பொறந்தவருக்கும் அதே பேருதான இருக்கணும்? இவரு வேற என்னமோ சொன்னாரே.”

அந்தப் பெயரை ஒரே தடவைதான் கேட்டிருந்தார் மாமியார். நான் அக்காவைப் பார்த்தேன். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நானே சமாளிக்க வாயெடுத்தேன்.

“அம்மா ஒண்ணு அத்தை. அப்பா வேற” என்றாள் அவள். “முதல் அப்பா கடல்ல செத்துட்டார். அம்மா மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.”

“அறுத்துக் கட்டுனவளா” என்று பின்னால் ஒரு குரல் முணுமுணுத்தது. அக்காவுக்கு அந்த வார்த்தை தெரிந்திருக்காது. ஆனால் தொனி புரிந்தது. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாதி எழுந்த நிலையிலேயே, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கொண்டுவந்திருந்த சின்னத் தங்கத் தோட்டை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தார்.

மாமனார் வேப்பமரத்தடியில் பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

“தாய்மாமன்னு தானே சொல்லுதோம். தகப்பன்மாமன்னா சொல்லுதோம்? தாய் ஒண்ணா இருந்தாச் சரிதான். உக்காரச் சொல்லு. பொங்கல் பொங்கப் போவுது.”

ஆசாரி தலையாட்டினார். “அது வாஸ்தவம்தான்” என்றார் ஒரு பெரியவர். மாமியார் மட்டும் இன்னும் அப்படியே நின்றார். பிறகு ஒதுங்கி, கீழே விரித்திருந்த ஜமுக்காளத்தைக் கையால் தட்டிவிட்டார். கப்பல்காரர் அதில் சம்மணம் போடத் தெரியாமல் காலை நீட்டி உட்கார்ந்தார். பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து ஊசியைக் கண்டதும் அலறியது. அவர் தன் பாஷையில் ஏதோ பாட ஆரம்பித்தார். பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால், மாமியார்தான் முன்னால் மண்டி போட்டு, இரண்டு கையாலும் அந்த மொட்டைத் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். கப்பல்காரர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்து மாமியார் ஆசாரியிடம், “சட்டுனு குத்துங்க. பிள்ளைய விட மாமன்ல அழுதாரு” என்றார்.

கப்பல்காரர் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து அத்தான் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினார். மாமியார் அக்காவிடம் போனைக் கொடுக்காமல் தானே வாங்கினார்.

“ஒன் மாமியா ரெண்டு கல்யாணம் பண்ணது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

தெரியும் என்றார் போல. மாமியார் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவள நான் கேட்டேன். அம்புட்டுப் பேரு முன்னால சொல்லிட்டா. நீ சொல்லல” என்று போனை வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருடைய சந்தேகம் திசை மாறிவிட்டது. அக்காவோடு சந்தைக்குப் போனார். அவளுக்கு அரிசி உப்புமா கிண்டச் சொல்லிக்கொடுத்தார். மகனைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் உதட்டைச் சுழிப்பார். பெற்ற பிள்ளையே ஒரு விஷயத்தை மறைத்துவிட்டான், இன்னும் எதையெதை மறைத்து வைத்திருப்பான் என்று என்னிடம் கேட்பார். அப்படி ஒன்றும் இருக்காது அத்தை என்பேன். நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது என்பார்.

அத்தான் லீவில் வந்தபோது நல்ல வெயில். ஆட்டோவிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை தோட்டைக் காட்டிக்கொண்டு அவர் காலைக் கட்டியிருந்தது. மாமியார் தண்ணீர்ச் சொம்போடு வாசலுக்கு வந்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“வேற என்ன வச்சிருக்க? இருந்தா இப்பவே சொல்லிரு.”

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். இன்னும் ஏதோ இருக்கிறது என்று நான் அப்போதுதான் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

“மணிலாவுல கரை வேலை கிடைச்சிருக்கும்மா. இனி கப்பல் இல்ல. மூணு பேரும் அங்கேயே போயிரலாம்னு இருக்கோம்” என்றார் அத்தான், சொம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே.

மாமியார் சொம்பை வாங்கிக் கவிழ்த்து, மிச்சத் தண்ணீரை வாசலில் ஊற்றினார்.

“எனக்குத் தெரியும், என்னமோ இருக்குன்னு” என்று சொல்லிவிட்டு உலை வைக்க உள்ளே போனார்.